ஒலிக்குறிப்புச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘முனுமுனுத்தாள்’ என்று அச்சில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் உறுத்தும். ‘முணுமுணு’ என்பதில் டண்ணகரம் (ண) இருப்பதற்குக் காரணம் உண்டு: நாவை உள்மடித்து, வாயைத் திறவாமல் ஒருவர் அடக்கிப் பேசும் ஓசையை அந்த எழுத்துத்தான் தருகிறது. ‘தொணதொண’, ‘கிணுகிணு’ ஆகியவற்றுக்கும் அதே ணகரம்தான். மற்றச் சொற்களில் எழுத்துப்பிழை கண்ணுக்கு மட்டும் பிழையாகத் தெரியலாம்; ஒலிக்குறிப்புச் சொல்லில் கேட்க வேண்டிய ஓசையே கெட்டுவிடுகிறது. இலைகளும் ஓடைநீரும் சலசலக்கும். ஓயாமல் பேசுபவர் சளசளவென்று பேசுவார். பல்லைக் கடிப்பது ‘நறநற’. தொண்டை கட்டிய குரல் ‘கரகர’. இவற்றில் ரகர றகரங்களை மாற்றி எழுதக் கூடாது.

எழுத்து சரியாக இருந்தும் சொல் தவறாக அமைவதுண்டு. விழுகின்ற எல்லாவற்றையும் ‘தொப்பென்று’ விழ வைப்பது அத்தகைய பழக்கம். கனமான பொருளோ ஆளோ சாய்ந்தால் ‘தடாலென்று’ என்பதே பொருந்தும். மென்மையான பொருள் ‘பொத்தென்று’ விழும். மழையிலும் இந்த வேறுபாடு உண்டு. பெருந்துளிகள் விழத் தொடங்குகையில் ‘சடசட’. இடைவிடாது கொட்டும்போது ‘சோ’. ‘பளபள’, ‘மினுமினு’ போன்றவை ஓசையையே சுட்டுவதில்லை. அவை ஒளியைச் சுட்டும் குறிப்புகள். இரட்டித்து வரும் சொற்களையெல்லாம் ஒலிக்குறிப்பு என்று பாடம் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

‘சல சல’ என்று இடம் விட்டு எழுதுவதும் தவறே. ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்பது தொல்காப்பிய விதி. ‘சலசல’ என்பதில் ‘சல’ தனித்து நின்று அந்தப் பொருளைத் தராது. ‘பாம்பு பாம்பு’ போன்ற அடுக்குத்தொடரில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் இருப்பதால் அதைப் பிரித்தே எழுதுகிறோம். கதவு ‘படார் படார்’ என்று அடித்துக்கொண்டது என்னும்போது, ‘படாரென்று’ எனத் தனியாகவும் வழங்குவதால், அதை அடுக்காகக் கொண்டு இடம் விட்டு எழுதுவதே முறை என்பது என் கருத்து.

ஓசைச் சொல்லை வினையோடு இணைப்பது பெரும்பாலும் ‘என’ அல்லது ‘என்று’. ‘என’ என்னும் இடைச்சொல் இசையோடும் (அதாவது ஓசையோடும்) குறிப்போடும் சேர்ந்து வரும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. சங்கப் பாடல்களின் ‘ஒல்லென’, ‘கல்லென’ ஆகியவையும் இந்த அமைப்பினவே. ஆகவே ஒலிக்குறிப்பு சிறுபிள்ளைகளின் பேச்சு என்று ஒதுக்குவதற்கு இடமில்லை. எழுதும்போது ‘சலசலவெனப் பாய்ந்தது’ என வல்லினம் மிகும், ‘சலசலவென்று பாய்ந்தது’ என்பதில் மிகாது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒலிக்குறிப்பு ஓசையின் ஒலிப்பதிவு அன்று. ஒவ்வொரு மொழியும் தன் எழுத்துகளுக்கு ஏற்ப ஓசையை அமைத்துக்கொள்கிறது. தமிழில் ‘கொக்கரக்கோ’ என்று கூவும் சேவல் பிரெஞ்சில் ‘கோகோரிகோ’ என்றும் ஜெர்மனில் ‘கிகெரிகி’ என்றும் கூவுகிறது. எனவே ஆங்கிலக் கதையில் துப்பாக்கி ‘பேங்’ என்று வெடித்தால், அதை அப்படியே தமிழ் எழுத்தில் இறக்க வேண்டியதில்லை; ‘டுமீல்’ என்னும் சொல் நம்மிடம் இருக்கிறது. டகரம் மொழிக்கு முதலில் வராது என்னும் இலக்கண வரம்பைக்கூடத் தளர்த்தி, ‘டமார்’, ‘டொக்’ ஆகியவற்றோடு அதையும் தமிழ் ஏற்றுக்கொண்டிருக்கிறது.