டொக்டர்மார் எழுதத் தொடங்கிறது எப்பிடி

வோட்டில வேலை செய்யிற டொக்டர்மார் நாள் முழுக்க எழுதிக்கொண்டுதான் இருக்கினம், பெட் ஹெட் டிக்கெட் (வோட்டில நோயாளியின்ர விவரம் எழுதிற ஃபைல்), டயக்னோஸிஸ் கார்ட், ரெஃபரல் லெட்டர் எண்டு. ஆனா ஒரு கதையோ கட்டுரையோ எழுதச் சொன்னா உடன "எனக்கு எழுத வராது" எண்டுதான் பதில். அதை நான் நம்பமாட்டன். ஒரு மனுசன்ர முப்பது வருசக் கதையைப் பத்து நிமிசத்தில கேட்டு, எது தேவை எண்டு பிரிச்செடுக்கிற ஆளுக்கு எழுத வராதா? பிரிச்செடுக்கேக்க கீழ விழுந்து போறதுகளை எங்க வைக்கிறது எண்டதுதான் பிரச்சின.

நியூயோர்க்கில கொலம்பியா பல்கலைக்கழகத்து டொக்டர் ரீட்டா ஷரோன் 1990களில தன்ர மாணவருக்கு ஒரு வேலை குடுத்தவ, பேரு 'பரலல் சார்ட்'. ஆஸ்பத்திரி ஃபைலில எழுத ஏலாத, ஆனா எங்கயாவது எழுதியே ஆகவேண்டிய விசயங்களை சாதாரண பாஷையில வேற ஒரு தாளில எழுதிக்கொண்டு வரவேணும், அவ்வளவுதான். அதையே நாங்களும் செய்யலாம்.

ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கோ. ஃபோன் வேண்டாம், அது எங்க பெக்கப் ஆகுது ஆர் பாக்கினம் எண்டு தெரியாது. ஒன் கோல் டியூட்டி முடிஞ்சு வீட்ட வந்து, குளிச்சு சாப்பிட்டிட்டு, பத்து நிமிசம் ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதுங்கோ. அவர் சொன்ன ஒரு வசனம் அப்பிடியே, நீங்கள் கண்ணால கண்ட ஒரு விசயம் (ஆர் கூட வந்தது, கையில என்ன பை இருந்தது), அந்த நேரம் உங்கட மனசுக்குள்ள என்ன ஓடினது. பேர், பெட் நம்பர், திகதி ஒண்டும் வேண்டாம். வசனம் அழகா வரவேணும் எண்டு யோசிச்சா கை நிண்டுபோகும், அதால பிழையோட எழுதுங்கோ.

எழுதினா மனப்பாரம் குறையுமோ எண்டு கனபேர் கேப்பினம். அமெரிக்காவில உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல வெளியிட்ட ஆய்வில, மாணவர் நாலு நாள் பதினைஞ்சு நிமிசம் தங்கட மனக்காயத்தைப் பற்றி எழுதிச்சினம், எழுதின உடன மனம் இன்னும் கனத்துத்தான் போச்சு, ஆனா பிறகு வந்த மாதங்களில டொக்டரிட்டப் போறது குறைஞ்சுது. அவையள் டொக்டர்மார் இல்ல, அதால பெரிசா நம்பிக்கை வைக்கவேண்டாம். ஒரு சாவுக்குப் பிறகு கிழமைக்கணக்கா நித்திரை வராட்டி, கொப்பியை வச்சிட்டு ஒரு ஆளிட்டப் போய்க் கதையுங்கோ.

இனி வெளியில குடுக்கிற விசயம், இதில நான் கொஞ்சம் கடுமையாத்தான் சொல்லுவன். கொழும்பில வெள்ளவத்தையிலயோ கொட்டாஞ்சேனையிலயோ பேரை மாத்தினா மட்டும் காணாது. "மூண்டு பிள்ளையளும் கனடாவில, மனுசி போன வருசம் செத்தவ, ரிட்டயர் ஆன பேங்க் மனேஜர்" எண்டு எழுதினா அந்த லேனில இருக்கிற எல்லாருக்கும் ஆள் பிடிபடும். வயசு, வேலை, ஊர், குடும்பம் எல்லாத்தையும் மாத்துங்கோ, ரெண்டு மூண்டு பேரைச் சேத்து ஒரு ஆளாக்குங்கோ, ஒரு வருசம் கழிச்சு வெளியிடுங்கோ. அப்பிடியும் ஆளை மறைக்க ஏலாட்டி, அவரிட்டயே வாசிச்சுக் காட்டிக் கேளுங்கோ, அவர் வேண்டாம் எண்டா அது கொப்பிக்குள்ளயே இருக்கட்டும். எவ்வளவு நல்லா வந்த கதையா இருந்தாலும் சரி.

கதை வராதவைக்கு பேப்பர்க் கட்டுரை இருக்கு. 1847இல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில தமிழிலயே மருத்துவம் படிப்பிச்சவர், அதால தமிழில மருத்துவம் எழுத ஏலாது எண்ட சாட்டு எடுபடாது. டெங்கு பற்றி எழுதிறீங்கள் எண்டு வையுங்கோ. வைரஸில தொடங்காதேங்கோ, தாய் எதைக் காணுவாவோ அதில தொடங்குங்கோ: காய்ச்சல் விட்டிட்டுது, பிள்ளை சுகமாயிட்டுது எண்டு நினைக்கிற அந்த நேரத்திலதான் ஆபத்தான கட்டம் தொடங்கலாம், வயித்து நோ, விடாத சத்தி, கை கால் குளிர், சிறுநீர் குறைவு எண்டா உடன ஆஸ்பத்திரி, காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், ஐபியூபுரோஃபன் அஸ்பிரின் குடுக்கவே வேண்டாம். 2017இல இலங்கையில ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல டெங்கு கேஸ் பதிவானது, இப்பிடி ஒரு பந்தி எத்தின வீட்டுக்குத் தேவைப்பட்டிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

எங்களுக்கு முன்னால ஆக்கள் இல்லாமலும் இல்ல. 'நந்தி' எண்டு எழுதின சிவஞானசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து சமுதாய மருத்துவப் பேராசிரியரா இருந்தவர், மலையகத் தோட்டத்து சனத்தைப் பற்றி நாவல் எழுதினவர். 2000இல ஞானம் எண்ட இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கின தி. ஞானசேகரனும் டொக்டர்தான். கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையிலதான் இருக்கு, லீவு நாளில அங்க லைப்ரரியில இருந்து இவையளை வாசிச்சுப் பாருங்கோ.

எழுதி முடிஞ்சதை இன்னொரு டொக்டரிட்டக் குடுக்காதேங்கோ, அவர் டயக்னோஸிஸ் சரியோ எண்டுதான் பாப்பார். உங்கட அக்காவிட்டயோ மாமியிட்டயோ குடுத்து, எந்த இடத்தில விளங்காமல் நிண்டவ எண்டு மட்டும் கேளுங்கோ, பிறகு அந்த இடத்தைத் திருப்பி எழுதுங்கோ.