ஒவ்வாமை உள்ள நாய்க்கு வீட்டில் சமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய்க்கு உணவு ஒவ்வாமை இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர் சொன்னதும், கொங்குப் பகுதியின் பல வீடுகளில் உடனே நடப்பது கோழிக்கறியை நிறுத்திவிட்டு ஆட்டுக்கறிக்கோ காடைக்கோ மாறுவதுதான். நல்லெண்ணத்தோடு எடுக்கப்படும் இந்த முடிவிலேயே முதல் தவறு தொடங்கிவிடுகிறது. பல மாதங்கள், பெரும்பாலும் பல ஆண்டுகள் உண்டு பழகிய உணவின் புரதத்தையே உடலின் எதிர்ப்பாற்றல் ஒருநாள் பகையாகக் கொள்கிறது என்பதால், நாய் இதுவரை உண்ணாத புரதம் எது என்பதுதான் கேள்வியே தவிர, எந்த இறைச்சி சிறந்தது என்பதன்று. ஒவ்வாமை உறுதி செய்யப்பட்ட 297 நாய்களின் பதிவுகளைத் திரட்டி 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 34 சதவீத நாய்களுக்கு மாட்டிறைச்சியும், 17 சதவீதத்துக்குப் பால் பொருட்களும், 15 சதவீதத்துக்குக் கோழியும், 13 சதவீதத்துக்குக் கோதுமையும் காரணமாக இருந்தன. மாட்டிறைச்சியை விட்டுவிட்டால், மற்ற மூன்றும் நம் தோட்டத்து நாய் நாள்தோறும் உண்பவையே.

ஆகவே அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒரு தாளில், நாய் பிறந்தது முதல் தின்றவை அனைத்தையும் எழுதுங்கள். பிராய்லர் கடையில் வாங்கிய கழுத்தும் காலும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு, தயிர்ச்சோறு, டீக்கடை பன், பிஸ்கட், முட்டை என்று பட்டியல் நீளும். கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்குக் காடையோ வாத்தோ கொடுத்தால், பறவைகளின் புரதங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் அரிப்பு தொடர வாய்ப்புண்டு. பால் ஒவ்வாத நாய்க்கு மாட்டிறைச்சியும் அப்படித்தான். ஆடு பட்டியலில் ஏற்கெனவே ஏறிவிட்டிருக்கும். நம் பகுதியில் எளிதாகக் கிடைப்பவற்றுள் எஞ்சுவது பெரும்பாலும் வெண்பன்றிக் கறியோ, பவானிசாகர், மேட்டூர் அணை மீனோதான். பன்றிக்கறி என்றால் கொழுப்பை முழுவதும் நீக்கி, நன்றாக வேகவைத்துக் கொடுக்க வேண்டும். மிகுந்த கொழுப்பு கணையத்தை அழற்சிக்கு உள்ளாக்கும். மீன் என்றால் முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும். அதனோடு சேர்க்கும் மாவுப்பொருளாகச் சர்க்கரைவள்ளிக்கிழங்கோ அரசாணிக்காயோ (பரங்கிக்காய்) போதும். அரிசி ஒவ்வாமையைத் தூண்டுவது அரிது என்றாலும், தினமும் சோறே தின்று வளர்ந்த நாய்க்கு, ஒவ்வாத உணவு எது என்று கண்டறியும் சோதனைக் காலத்தில் அதையும் தவிர்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

அரிப்பு என்றாலே உணவுதான் காரணம் என்று முடிவுகட்டுவதும் தவறே. தெள்ளுப்பூச்சியின் எச்சிலாலும், தூசி, மகரந்தம் போன்றவற்றாலும் வரும் ஒவ்வாமை உணவு ஒவ்வாமையைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. தெள்ளுக்கும் உண்ணிக்கும் முறையான மருத்துவம் செய்த பின்னும், பருவம் மாறியும் அரிப்பு தணியாமல், காது திரும்பத் திரும்பச் சீழ் பிடித்து, விரலிடுக்குகளை நக்கிக்கொண்டே இருந்தால்தான் உணவின்மீது ஐயம் வலுப்பெறும். இரத்தம், எச்சில், முடி ஆகியவற்றைப் பரிசோதித்து ஒவ்வாத உணவைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்வதை நம்பிப் பணத்தைச் செலவிட வேண்டாம். அந்த முடிவுகள் நம்பத்தக்கவை அல்ல. ஒரே புரதம், ஒரே மாவுப்பொருள் கொண்ட உணவைக் குறைந்தது 8 வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

இந்த 8 வாரத்தில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன. எங்கள் தோட்டத்தில் வளரும் ஆறு வயது நாட்டு நாய்க்கு முன்னங்கால் விரலிடுக்குகளில் வெள்ளை முடி முழுவதும், ஓயாமல் நக்கியதால், துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்தது. பன்றிக்கறியும் சர்க்கரைவள்ளியும் தொடங்கிய நான்காம் வாரத்தில் நக்குவது பாதியாகக் குறைந்து, வேரிலிருந்து புதிய வெள்ளை முடி தெரிந்தது. ஐந்தாம் வாரத்தில் மீண்டும் இரவெல்லாம் சொறியத் தொடங்கியது. வீட்டில் எல்லோரையும் விசாரித்தோம். யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ஒருநாள் விடியற்காலையில் கட்டுத்தறிப் பக்கம் போனபோதுதான், மாட்டுக்குக் கரைத்து வைத்த கோதுமைத் தவிட்டுத் தண்ணீரை அது தாழியில் தலையைவிட்டு நக்கிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. அன்றிலிருந்து மறுபடியும் முதல் வாரம் என்று நாட்காட்டியில் குறித்தோம்.

தட்டில் வைப்பதை மட்டும் கணக்கில் கொள்வதால் வரும் தவறு இது. பால் கறக்கும்போது சிந்தும் துளி, குழந்தை கையிலிருந்து விழும் பிஸ்கட், பக்கத்துத் தோட்டத்தார் பாசத்தோடு போடும் எலும்பு, இறைச்சி மணமூட்டிய பூச்சி மாத்திரை என ஒவ்வொன்றும் சோதனையைக் கெடுக்கும். "ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாதுங்க" என்று பெரியவர்கள் சொல்லும்போது மறுத்துப் பேசுவது கடினந்தான். ஆனால் ஒவ்வாமைக்கு ஒரு வாயே போதுமானது. தயிராகவோ மோராகவோ மாறினாலும் பாலின் புரதம் நீங்கிவிடுவதில்லை என்பதையும் அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச்சொல்ல வேண்டும்.

அரிப்பு அடங்கியதும், இனி இதே உணவு போதும் என்று நின்றுவிடுவது அடுத்த தவறு. பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் 2 வாரம் வரை காத்திருந்து பார்த்தால்தான் குற்றவாளி எது என்பது உறுதியாகும். நாங்கள் முதலில் கோழியைக் கொடுத்தோம், ஒன்றும் நேரவில்லை. பின்னர் வெறும் சப்பாத்தி கொடுத்த மூன்றாம் நாளே காதுமடல் சிவந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால், கோழி தின்னத் தடையில்லாத ஒரு நாய்க்கு வாழ்நாள் முழுவதும் கோழியை மறுத்திருப்போம்.

நீண்ட காலத்துக்கு ஏற்படும் தீங்கோ வேறு வகையானது. வளர்ந்த நாய் இரண்டே பொருள்கள் கொண்ட உணவைச் சில வாரம் தாங்கும், மாதக்கணக்கில் தாங்காது. வீட்டில் சமைப்பதற்கென்று வெளியான 200 செய்முறைகளை 2013ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, அவற்றில் 95 சதவீதம் ஏதேனும் ஓர் இன்றியமையாத சத்தில் குறைபட்டிருந்தன. முதலில் குறைவது கால்சியம். எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ், கால்சியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருப்பதால், உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுத்துக்கொள்கிறது. 20 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 கலோரி உணவும், அதோடு 1.2 கிராம் அளவில் கால்சியமும் வேண்டும். நன்றாக அரைத்த முட்டை ஓட்டுத்தூள் 3 கிராமில் அது கிடைத்துவிடும். முட்டைமீது ஐயம் இருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும், வைட்டமினோ மணமோ சேர்க்காத கால்சியம் கார்பனேட் தூளே பாதுகாப்பானது. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கலக்கவே கூடாது. அது வாயையும் உணவுக்குழலையும் புண்ணாக்கிவிடும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, இ ஆகியவற்றையும் கண்ணளவில் ஈடுசெய்ய இயலாது என்பதால், சோதனை முடிந்ததும் நாயின் எடையையும் உணவுப் பட்டியலையும் எழுதி எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடமோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ காட்டி அளவைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு ஆக்கிய குழம்பிலிருந்து நாய்க்குப் பங்கு எடுப்பதையும் நிறுத்த வேண்டும். வெங்காயமும் பூண்டும், வெந்தாலும் அரைத்தாலும், நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். நாய்க்குரிய கறியைத் தனிச் சட்டியில், உப்பும் மசாலாவும் இன்றி வேகவையுங்கள். மாவு பிசைந்த கரண்டி அந்தச் சட்டிக்குள் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய உணவிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வந்து, அதையும் ஒவ்வாமை என்று தவறாக எண்ண நேரிடும்; ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றி, பழைய உணவு அறவே நின்ற நாளிலிருந்து 8 வாரத்தை எண்ணத் தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, உங்கள் எடையைக் கழித்து அதே தாளில் எழுதி வையுங்கள். எடை இறங்கினால் கறியையும் கிழங்கையும் ஒரே விகிதத்தில் கூட்ட வேண்டும்.