நுனாவுட்டுக்குப் பாடம் நடத்தப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கனடாவின் வடகோடியில் இருக்கிற நுனாவுட்டில் மொத்தம் 25 ஊர்கள். ஊருக்கு ஊர் போகச் சாலை கிடையாது. விமானம்தான், கோடையில் மட்டும் சரக்குக் கப்பல் வரும். அங்கே ஆசிரியராகப் போகிறவர்கள் குளிரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள், ஆனால் பெரிய தவறு நடப்பது கதகதப்பான வகுப்பறைக்குள்ளே.

ஒரு பையனிடம் "கணக்கை முடிச்சிட்டியா?" என்று கேட்கிறீர்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்கிறீர்கள், அவன் புருவத்தை லேசாக உயர்த்திவிட்டு உங்களையே பார்க்கிறான். முதல் தடவையே அவன் பதில் சொல்லியாகிவிட்டது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. அங்கே வாழும் பூர்வகுடிகளான இனுயிட் மக்களிடம் புருவத்தை உயர்த்தினால் ஆமாம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. இது தெரியாமல் 'மரியாதை தெரியாத பிள்ளை' என்று முடிவுகட்டிவிட்டால் அந்தப் பிள்ளையின் மனசு உங்களிடமிருந்து விலகிவிடும், திரும்பப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

அடுத்தது வருகைப் பதிவேடு. இலையுதிர்காலத்தில் சில நாள் பல இருக்கைகள் காலியாக இருக்கும், பிள்ளைகள் தாத்தா, மாமாவோடு கரிபூ மான் வேட்டைக்குப் போயிருப்பார்கள். பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பனிக்கட்டி எங்கே தாங்கும், எங்கே உடையும் என்று படிப்பதும் படிப்புதான், அதுவும் உயிரைக் காப்பாற்றுகிற படிப்பு. இன்னொன்றும் இருக்கிறது: இந்தத் தாத்தா பாட்டிகளில் பலரைச் சின்ன வயதில் வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள், தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. கனடா அரசு 2008-இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லே அவர்களுக்கு வலிக்கும் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. அதனால் புகாரோடு போகாமல் முதலில் டீ குடிக்கப் போங்கள், அவர்கள் தாய்மொழியான இனுக்டிடுட்டில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போங்கள்.

சரி, வீட்டு விஷயம். பெரும்பாலான ஊர்களில் தண்ணீர் லாரியில் வந்து வீட்டு டேங்கில் நிரம்பும், கழிவுநீரையும் லாரிதான் எடுத்துப் போகும். பனிப்புயல் அடித்தால் லாரி வராது, அதனால் புயல் எச்சரிக்கை வந்த அன்று துணி துவைத்து டேங்கைக் காலி செய்யாதீர்கள். அரிசி, பருப்பு, மசாலா எல்லாவற்றையும் கடைசிக் கப்பலுக்குள் வரவழைத்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் எல்லாம் விமானத்தில் வரணும், விலை கண்ணைக் கட்டும். பருத்தித் துணியை உள்ளே போடாதீர்கள், வியர்வையில் நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கடல் புதிதாக உறைகிற நாட்களில் ஊர்க்காரர் துணையில்லாமல் பனிமேல் ஓர் அடிகூட வைக்க வேண்டாம்.

அப்புறம் இருட்டு. இக்லூலிக் என்கிற ஊரில் நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பத் தலைகாட்டும். பள்ளி விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளி என்று கதவைச் சாத்திக்கொள்வதுதான் இந்தச் சமயத்தில் செய்கிற தவறு. நண்பகலில் தெற்கு வானம் கொஞ்ச நேரம் நீலமும் இளஞ்சிவப்புமாக வெளுக்கும், அந்த நேரம் பார்த்து வெளியே நடங்கள். மாலையில் ஊர்க்கூடத்தில் விளையாட்டோ விருந்தோ இருந்தால் கட்டாயம் போங்கள், சீல் என்கிற கடல்நாயின் இறைச்சியை நீட்டினால் ஒரு துண்டாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது பிள்ளைகள் "திரும்பி வருவீங்களா?" என்று கேட்பார்கள். போனவர்கள் வராமலே இருந்ததைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். உறுதியாகத் தெரிந்தால் மட்டும் புருவத்தை உயர்த்துங்கள்.