காளாஸ்திரிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் வீடு ஆந்திரப் பக்கத்துப் புத்தூரில். சென்னையிலிருந்தோ வேலூரிலிருந்தோ உறவுக்காரர்கள் வந்தால், திருப்பதி தரிசனம் முடிந்த மறுநாள் காலை கட்டாயம் ஒரு கேள்வி வரும்: "காளாஸ்திரியை ரெண்டு மணி நேரத்துல பாத்துடலாம்ல?" கூட்டம் இல்லாத நாளில் கோவிலை மட்டும் பார்த்துவிடலாம், ஊரைப் பார்க்க முடியாது. சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய திருக்காளத்தி அது. ராகு கேது பரிகாரத்துக்கு மட்டும் ஓடிப்போய்த் திரும்புவது எனக்கு எப்போதும் வருத்தம்தான். ஒரு முழு நாளை அதற்கென்று வையுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, எதை முதலில் பார்ப்பது என்று யோசிக்காமல் கிளம்புவது. காளாஸ்திரியில் பரிகாரம் செய்தால் வேறு எந்தக் கோவிலுக்கும் போகாமல் நேராக வீடு திரும்ப வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். வீட்டுப் பெரியவர்கள் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒருமுறை பெரியப்பா குடும்பத்தை அழைத்துப் போயிருந்தேன். காலையிலேயே பூஜை முடிந்துவிட்டது. "அடுத்து குடிமல்லம் போகலாம்" என்றதும், "பரிகாரம் பண்ணிட்டு இன்னொரு கோவிலாப்பா?" என்று அத்தை காரிலேயே உட்கார்ந்துவிட்டார். வண்டி புத்தூருக்குத் திரும்பியது. அத்தை சொன்னதில் தப்பில்லை, நான்தான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அதனால் மற்ற கோவில்களை எல்லாம் முதலில் பார்த்துவிட்டு, காளத்திநாதரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

குடிமல்லத்தை விட்டுவிடுபவர்கள் நிறைய பேர். ரேணிகுண்டாவிலிருந்து காளாஸ்திரி போகும் வழியில், ஏர்ப்பேடுக்கு முன்னால் பிரிந்து போக வேண்டும். சின்ன கிராமம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோவில். கருவறை தரைமட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கும். உள்ளே ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த லிங்கம், அதன் முன்புறத்திலேயே செதுக்கிய சிவன். ஒரு கையில் ஆட்டைப் பின்னங்கால் பிடித்துத் தொங்கவிட்டிருக்கிறார், இன்னொரு கையில் சிறு கலம், தோளில் மழு, காலடியில் ஒரு குள்ளன். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்தது என்று அறிஞர்கள் பலர் கணிக்கும் சிற்பம் இது. கோவிலின் பின்பக்கம் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும், நம் நூல்கள் தூங்கானை மாடம் என்று சொல்லும் வடிவம். சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. திருவிப்பிரம்பேடு என்ற பழைய பெயரில் இந்த ஊர் அவற்றில் வருகிறது. பிள்ளைகளை அந்தச் சுவர் பக்கம் கூட்டிப்போய்த் தெரிந்த எழுத்துகளைத் தேடச் சொல்லுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் நம் எழுத்து கல்லில் இருப்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அப்புறம் நேரக் கணக்கு. பரிகார பூஜை நாள் முழுக்க நடக்கும். ராகு காலத்தில்தான் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் கிழமையைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை, அதற்கு முன்னால் எதையும் பார்க்க முடியாது. செவ்வாய் என்றால் 3 முதல் 4.30 வரை. காலைப் பொழுது முழுக்கக் கையில் இருப்பதால் குடும்பத்தோடு போக அதுவே எனக்குப் பிடித்த நாள். ஞாயிற்றுக்கிழமை 4.30 முதல் 6 வரை, கூட்டம் தாங்காது. கிரகண நாளில் மற்ற கோவில்கள் நடை சாத்தும்போது இந்தக் கோவில் மட்டும் திறந்திருக்கும். கைக்குழந்தையோடு அன்றைக்குப் போகவே வேண்டாம்.

ஆற்றில் குளிக்கலாம் என்று மாற்றுத்துணியோடு வருபவர்களும் உண்டு. பொன்முகலி என்று நாம் சொல்லும் ஸ்வர்ணமுகி மழையை நம்பி ஓடும் ஆறு. கோவிலின் மேற்குப் பக்கத்தை ஒட்டி வடக்கு நோக்கிப் போகிறது. வருஷத்தில் பாதி நாள் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும், அப்போது இறங்குவது ஆபத்து. 2021 நவம்பர் வெள்ளத்தில் இதே ஆறு எப்படிப் பாய்ந்தது என்பதை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்கவில்லை.

பிள்ளைகளுக்குக் கண்ணப்பர் கதையைச் சொல்லாமல் கூட்டிவருவது இன்னொரு குறை. உடுப்பூர் வேடன் திண்ணன் தன் கண்ணைப் பெயர்த்து அப்பியதைக் காரிலேயே சொல்லிவிட்டால், கோவிலை ஒட்டிய கண்ணப்பர் மலைப் படிகளில் அவர்கள் உங்களுக்கு முன்னால் ஓடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுங்கள், வெறுங்காலில் கல் சுடும். மேலே நின்றால் கோபுரங்களும் ஆறும் ஒன்றாகத் தெரியும். கிருஷ்ணதேவராயர் 1516-இல் கட்டிய ராஜகோபுரம் 2010 மே மாதம் இடிந்து விழுந்தது. இப்போது அந்த இடத்தில் நிற்பது 2017-இல் குடமுழுக்கு கண்ட புதுக் கோபுரம். கோவிலுக்குள் பாதாள விநாயகர் சன்னதிக்குக் குறுகிய படிகளில் கீழே இறங்க வேண்டும். முட்டிவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்களை வற்புறுத்த வேண்டாம்.

கலம்காரித் துணி வாங்குவதைப் பேருந்து ஏறப்போகும் நேரத்துக்குத் தள்ளாதீர்கள், அச்சடித்த துணிதான் கையில் கிடைக்கும். காளாஸ்திரிக் கலம்காரி மூங்கில் எழுதுகோலால் கையால் வரைவது. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள், கறுப்பு நிறத்துக்கு இரும்புத் துருவும் வெல்லமும் புளிக்கவைத்த நீர். வரைபவர் வீட்டிலேயே போய், கோடு இழுப்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரே உருவம் துணியில் திரும்ப வரும்போது கோட்டின் தடிமன் கொஞ்சமாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சில் அது மாறவே மாறாது.