ரெண்டரை வீடியோவாக எடுக்காதீர்கள், படங்களாக எடுங்கள்

அனிமேஷன் புராஜெக்டை ரெண்டர் போடும்போது (அதாவது, செய்த காட்சியைக் கணினி இறுதிப் படமாக மாற்றும்போது) நேரடியாக எம்பி4 ஆக்காமல், பிஎன்ஜி படங்களாக எடுங்கள். பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் அவுட்புட் பகுதிக்குப் போய் ஃபைல் ஃபார்மட்டை பிஎன்ஜி என்று மாற்றி, ஓவர்ரைட் (இருக்கும் ஃபைலின் மேலேயே திரும்ப எழுதுவது) டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

கோவை பீளமேட்டில் ரூம் எடுத்துப் படிப்பவர்களுக்குப் பராமரிப்பு மின்தடை நாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். பாதியில் நின்ற எம்பி4 பெரும்பாலும் திறக்காது. படங்களாக இருந்தால் அந்தக் கவலை இல்லை. 30 நொடிப் படத்துக்கு, நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில், 720 படங்கள். 500-இல் நின்றாலும், திரும்ப ரெண்டர் கொடுத்தால் இருப்பதை விட்டுவிட்டு அங்கிருந்தே தொடரும். கடைசிப் படத்தை மட்டும் திறந்து பாருங்கள். பாதி எழுதியதாகவோ காலியாகவோ இருந்தால் அழித்துவிடுங்கள். நடுவில் எங்காவது கேரக்டரின் கை சட்டைக்குள் புகுந்திருந்தாலும் அந்த ஃபிரேம்களை மட்டும் அழித்துத் திரும்ப எடுக்கலாம். ஜூரிக்கு (மாணவர்களின் வேலையை ஆசிரியர்கள் பார்த்து மதிப்பிடும் நாள்) முந்தின ராத்திரி இதன் அருமை தெரியும்.

எல்லாம் முடிந்ததும் பிளெண்டரிலேயே உள்ள எடிட்டிங் பகுதியான வீடியோ சீக்வென்சரில் கோத்து, ஒலியையும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம்.

அசைவு சரியா என்று பார்க்க எடுக்கும் ப்ரிவியூவுக்கு இவ்வளவு தேவையில்லை, வீடியோவே சரி. அப்புறம், புகை, தண்ணீர், துணி சிமுலேஷன் உள்ள காட்சிகளை முதலிலேயே பேக் (bake, அதாவது அந்த அசைவை முன்பே கணக்கிட்டுச் சேமித்து வைப்பது) செய்துவிடுங்கள். இல்லையென்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும்போது அசைவு ஒட்டாமல் போகலாம்.