நிர்வாகக் குழுவில் பெண்கள்: பெயர் தேடும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

கல்லூரி ஆட்சிக்குழுவிலோ மருத்துவமனை அறங்காவலர் குழுவிலோ பெண்களின் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும் என்று முடிவானதும், “நல்ல பெயர் இருந்தால் சொல்லுங்களேன்” என்று நாலு பேரிடம் கேட்பதுதான் வழக்கம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. எத்தனை இடம் காலியாகப்போகிறது, அதை நிரப்பும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அறக்கட்டளைப் பத்திரமோ துணைவிதியோ என்ன சொல்கிறது என்பதெல்லாம் தெரியாமல் பெயர் தேடினால், திறமையான ஒருவரை அழைத்துவந்து வாக்கில்லாத நாற்காலியில் உட்காரவைப்பதில்தான் முடியும்.

எண்ணுவதிலேயே பல நிறுவனங்கள் சறுக்குகின்றன. செவிலியரிலும் ஆசிரியரிலும் பெண்கள் அதிகம் என்று ஆண்டறிக்கையில் எழுதிவிட்டால் அது நிர்வாகத்தில் பங்கு ஆகிவிடாது. நர்சிங் சூப்பிரண்டெண்ட் “சிறப்பு அழைப்பாளராக” வருகிறார் என்றால் அவருக்கு வாக்கு இல்லை. அவரை உறுப்பினர் கணக்கில் சேர்ப்பது பொய்க்கணக்கு. ஒரு தாளில் ஐந்து நெடுவரிசை போடுங்கள்: உறுப்பினர் பெயர், எந்த வழியில் வந்தார் (பதவிவழி, நியமனம், தேர்தல்), வாக்கு உண்டா, பதவிக்காலம் முடியும் தேதி, எந்தத் துணைக்குழுவில் இருக்கிறார். இந்த ஒரு தாள் இல்லாமல் அடுத்த வேலையைத் தொடங்கவே கூடாது.

அந்தத் தாளில் முதலில் கண்ணில் படுவது பதவிவழி உறுப்பினர்கள். அரசுப் பல்கலைக்கழக சிண்டிகேட்டில் (அதன் ஆட்சிக்குழுவில்) துணைவேந்தர், அரசுத் துறைச் செயலாளர்கள், இயக்குநர்கள் ஆகியோர் அந்தந்தப் பதவியால் உட்காருகிறவர்கள். அந்த இடங்களைப் பல்கலைக்கழகம் தன் விருப்பப்படி மாற்ற முடியாது. சட்டத் திருத்தம் வேண்டும். ஆகவே மொத்த உறுப்பினரில் சதவீதம் போட்டு மலைத்து நிற்பதை விட, நியமன இடங்களையும் தேர்தல் இடங்களையும் தனியே பிரித்து அவற்றில் இலக்கு வைப்பதே நடக்கக்கூடியது. தனியார் மருத்துவமனையில் நிலைமை வேறு. அங்கே மருத்துவ இயக்குநருக்கும் கண்காணிப்பாளருக்கும் பதவிவழி இடம் கொடுத்ததே அறக்கட்டளைதான். நர்சிங் தலைமைக்கும் வாக்குள்ள இடம் கொடுக்க ஒரு திருத்தம் போதும். ஒன்றை மறக்க வேண்டாம்: அவர் சம்பளம் வாங்கும் ஊழியர். தன் மேலதிகாரியை அவர் கேள்வி கேட்பது எளிதல்ல. வெளியிலிருந்து வரும் சுதந்திர உறுப்பினருக்கு அவர் மாற்று ஆகமாட்டார்.

இனி கணக்கு. 15 பேர் கொண்ட குழு, பதவிக்காலம் 3 ஆண்டு, ஆண்டுக்கு 5 இடம் சுழற்சியில் காலியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் 5 இடங்களில் ஒன்றில் பெண்ணை நியமித்தால் மூன்றாம் ஆண்டு முடிவில் 3 பெண்கள் இருப்பார்கள். பத்தாம் ஆண்டிலும் 3 பேர்தான். 5-க்கு 2 என்றால் 6 பேர், அதாவது 40 சதவீதம். நியமனத்தில் என்ன விகிதமோ அதுதான் குழுவின் விகிதம். அதற்கு மேல் அது ஏறாது. “படிப்படியாகக் கூட்டுவோம்” என்று தீர்மானம் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மறுநியமனத்துக்கு வரம்பு இல்லாத குழுவில் கதை இன்னும் மோசம்: தாளில் 5 காலியிடம், நடப்பில் பழைய 5 பேரே திரும்ப வருவார்கள். தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் கூடாது என்ற விதி இல்லாமல் மற்ற எதுவும் பலிக்காது.

ஆயுட்கால அறங்காவலர்கள் உள்ள பழைய அறக்கட்டளைகளில் காலியிடமே வராது. பத்திரத்தில் திருத்தும் அதிகாரம் எழுதப்பட்டிருந்தால் துணைப் பத்திரம் போடலாம். பொது அறக்கட்டளையின் பத்திரத்தில் அந்த அதிகாரம் இல்லையென்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் போய் நிர்வாகத் திட்டம் வகுக்க வேண்டி வரலாம்; ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதற்கு முன் பத்திரத்தை ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். “குறைந்தது 5, அதிகம் 9 அறங்காவலர்” என்று இருந்து இப்போது 6 பேர் மட்டும் இருந்தால், 3 இடம் எந்தத் திருத்தமும் இல்லாமல் திறந்தே கிடக்கிறது. இல்லையேல் அறங்காவலர் குழுவுக்குக் கீழே மருத்துவமனை நிர்வாகக் குழு ஒன்றைத் தீர்மானத்தின் மூலம் அமைத்து, வரவுசெலவும் நியமனமும் அதன்வழியே போகும்படி செய்யலாம்.

ஒருவர் போதும் என்ற நினைப்பு

2013 நிறுவனங்கள் சட்டம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிலும், செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் 100 கோடி ரூபாயையோ விற்றுமுதல் 300 கோடி ரூபாயையோ எட்டிய மற்ற பொது நிறுவனங்களிலும் குறைந்தது ஒரு பெண் இயக்குநர் இருக்க வேண்டும் என்கிறது. பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகள் இதற்குள் வரும்; அறக்கட்டளை மருத்துவமனைகள் வராது. வராதவர்களும் இந்த “ஒன்று” என்ற எண்ணையே அளவுகோலாக எடுத்துக்கொண்டதுதான் வருத்தம். சட்டம் போட்டது தரை, அதைக் கூரையாக்கிவிட்டார்கள். தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் எது பேசினாலும் “பெண்கள் தரப்பு” என்றே கேட்கப்படும். இரண்டாமவர், மூன்றாமவர் வந்தபின்தான் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடலாம் என்ற சாதாரண உண்மை மற்றவர்களுக்குப் புரியும்.

அந்த ஒரு இடமும் நிறுவனர் வீட்டுக்குள்ளேயே போய்விடுவது அடுத்த பழக்கம். குடும்பத்திலிருந்து வருகிறவர் திறமையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. மருத்துவமும் மேலாண்மையும் படித்து நிர்வாகத்தைத் தாங்குகிற மகள்களும் மருமகள்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர் வருவதால் குழுவுக்குள் புதிய பார்வை ஒன்றும் நுழைவதில்லை. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி இதைத் தன் விதியில் கணக்கில் எடுத்தது: 2019 ஏப்ரல் முதல் முன்னணி 500 பட்டியல் நிறுவனங்களுக்கும், 2020 ஏப்ரல் முதல் 1000 நிறுவனங்களுக்கும் பெண் *சுதந்திர* இயக்குநர் கட்டாயம். அறக்கட்டளையும் தனக்குத் தானே இதே சோதனையை வைத்துக்கொள்ளலாம்: அறங்காவலருக்கு உறவினர் அல்ல, மருந்து, கருவி, கட்டட ஒப்பந்தம் எதுவும் இல்லை, கடந்த 3 ஆண்டில் இங்கே சம்பளம் வாங்கியவர் அல்ல.

“தகுதியானவர் கிடைக்கவில்லை”

இந்தப் பதிலை நம்பாதீர்கள். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இல் தொடங்கியது. பின்னர் அதைப் பல பத்தாண்டுகள் வழிநடத்தியவர் வி. சாந்தா. பரோடா பல்கலைக்கழகத்தில் ஹன்சா மேத்தா 1949-இலேயே துணைவேந்தரானார். ஆட்கள் கிடைக்காததற்குக் காரணம் தகுதி பற்றிய வாசகம் எழுதப்படும் விதம். “முன்னாள் துணைவேந்தர், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி அல்லது தொழிலதிபர்” என்று எழுதினால், இதுவரை அந்தப் பதவிகளில் யார் அதிகம் இருந்தார்களோ அவர்களே திரும்ப வருவார்கள். பதவிப் பெயரை எடுத்துவிட்டு வேலையை எழுதுங்கள்: தணிக்கை அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்தவர், நோயாளி பாதுகாப்பு தெரிந்தவர், தொழிலாளர் சட்டம் தெரிந்தவர், விடுதி நடத்தியவர். இப்போதைய குழுவில் இவற்றில் எது இல்லையோ அதுதான் காலியிடம்.

பிறகு தேடும் இடத்தை மாற்ற வேண்டும். பட்டயக் கணக்காளர்கள், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதிகள், மகளிர் கல்லூரி முதல்வர்கள், தர மதிப்பீட்டாளர்களாகப் பணியாற்றிய மருத்துவர்கள், செவிலியர் கல்லூரி முதல்வர்கள் என்று பட்டியல் நீளும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு செய்ய 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி, தணிக்கை ஆட்சேபணை மூன்றையும் நேரில் பார்த்த முன்னாள் ஊராட்சித் தலைவிகள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். ஊரக மருத்துவமனைக் குழுவுக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் குறைவு. எல்லாப் பெண் உறுப்பினர்களும் ஒரே நகரம், ஒரே சமூகம், ஒரே தொழில் என்றாகிவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

காலியிடத்துக்கு 6 முதல் 9 மாதம் முன்பே தேடலைத் தொடங்குங்கள். கடைசி இரண்டு வாரத்தில் தேடினால் தலைவரின் கைபேசியில் உள்ள எண்கள்தான் வேட்பாளர் பட்டியல். இறுதிச் சுற்றில் ஒரு பெண் பெயரை மட்டும் வைக்காதீர்கள். குறைந்தது இருவர் இருக்கட்டும்.

வந்தபின்

பெண் உறுப்பினரை உள்ளகப் புகார்க் குழு, விடுதிக் குழு, விழாக் குழு ஆகியவற்றில் போட்டுவிட்டு நிம்மதி அடைவது மிகப் பரவலான தவறு. உள்ளகப் புகார்க் குழுவில் தலைவர் பெண்ணாகவும் குறைந்தது பாதிப் பேர் பெண்களாகவும் இருப்பது பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயம். அதை நிர்வாகப் பங்காகக் காட்டக் கூடாது. நிதிக் குழு, கொள்முதல் குழு, நியமனக் குழு, புதிய உறுப்பினர்களைப் பரிந்துரைக்கும் குழு ஆகிய இடங்களில்தான் முடிவு நடக்கிறது. கடைசியாகச் சொன்ன குழுவில் பெண்கள் இல்லையென்றால் அடுத்த ஆண்டின் பட்டியல் பழையபடியே வரும்.

கூட்டக் குறிப்பு முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் வந்தால், முன்கூட்டிப் பேசி முடித்தவர்களுக்கு மட்டுமே விஷயம் தெரியும். புதியவர் தலையாட்டத்தான் முடியும். நிறுவனங்கள் சட்டம் இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு 7 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. அறக்கட்டளையும் அதையே வைத்துக்கொண்டு, பொருட்பட்டியலோடு கணக்குத் தாள்களையும் சேர்த்து அனுப்பலாம். பயணப்படியும் அமர்வுப்படியும் கொடுங்கள். “கௌரவப் பதவி” என்று சொன்னால் வசதியுள்ளவர் மட்டுமே வருவார்.

சேரும்போதே மூன்று ஆண்டு வரவுசெலவு, அறக்கட்டளைப் பத்திரம், நிலுவை வழக்குப் பட்டியல், கடன் விவரம் எல்லாம் கையில் தரப்பட வேண்டும். காசோலையிலும் கடன் பத்திரத்திலும் கையெழுத்துக்கு மட்டும் பயன்படுத்தப்படும் பெண் அறங்காவலர், பின்னாளில் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவராகிறார். படிக்காமல் கையெழுத்துப் போடச் சொல்லும் குழுவில் சேர மறுப்பது அவர் உரிமை. அவர் எதிர்ப்புத் தெரிவித்தால் அது பெயரோடு நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். அவர் முன்மொழிந்தது வேறொருவர் பெயரில் ஏறியிருந்தால், அடுத்த கூட்டத்தில் குறிப்பை உறுதிசெய்யும் முன்பே திருத்த வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் அவர் பதவி விலகினால் அந்த இடம் சத்தமில்லாமல் காலியாகவே கிடக்கும், அல்லது பழைய கைக்குப் போகும். நிறுவனங்கள் சட்ட விதியில் இதற்குக் காலவரம்பு உண்டு. அதைத் தழுவி, வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்து, துணைவிதியில் இப்படிச் சேர்க்கலாம்: “பெண் உறுப்பினர் ஒருவரின் இடம் காலியானால், அடுத்த கூட்டம் அல்லது மூன்று மாதம், இவற்றில் எது பிந்தையதோ அதற்குள் நிரப்பப்பட வேண்டும்; அக்காலியிடத்தால் பெண் உறுப்பினர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்குக் குறையுமானால், அந்த இடத்துக்குப் பெண் ஒருவரே நியமிக்கப்பட வேண்டும்.”