எஃபெக்டை நிறுத்தப் போய் கம்போசிட்டரையே நிறுத்தாதீர்கள்

லினக்ஸ் டெஸ்க்டாப் மந்தமானால் பலர் முதலில் கை வைப்பது கம்போசிட்டரில்தான். நிழல், மங்கல், அனிமேஷன் எல்லாம் அதன் மேல் பூசிய பூச்சு. பூச்சைச் சுரண்டச் சுவரை இடிக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு விண்டோவின் படத்தையும் தனியே நினைவகத்தில் வைத்து, எல்லாவற்றையும் ஒரே படமாகக் கோத்துத் திரைக்கு அனுப்புவது கம்போசிட்டர். லினக்ஸில் திரையில் விண்டோக்களைக் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11-இல் அதை நிறுத்திவிட்டால், மறைந்திருந்த பகுதி வெளிப்படும்போதெல்லாம் அந்தந்த நிரலே அதை மறுபடி வரைய வேண்டும். நிரல் திணறினால், மேலே இழுத்துச் செல்லும் விண்டோவின் தடம் திரையில் அப்படியே தங்கும். வீடியோ குறுக்கே கிழிந்து தெரியும். இவ்வளவு தொல்லைக்கும் மிச்சமாகும் நினைவகம் எவ்வளவு? 1920×1080 அளவு விண்டோவுக்கு, பிக்சலுக்கு 4 பைட் வீதம், சுமார் 8.3 மெகாபைட். பத்து விண்டோ திறந்தாலும் 83 மெகாபைட்தான். 4கே திரையில் ஒன்றுக்கு 33 மெகாபைட் ஆகும். அங்கே கணக்குப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

எதையும் மாற்றுமுன் டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்-இன்ஃபோ (glxinfo) கட்டளையை ஓட்டி, படம் வரைவது எது என்று சொல்லும் ரெண்டரர் வரியைப் பாருங்கள். எல்எல்விஎம்பைப் (llvmpipe) என்று இருந்தால் கிராபிக்ஸ் வேலை முழுவதையும் சிபியு சுமக்கிறது. குறை டிரைவரில், விண்டோக்களை நகர்த்தி அடுக்கும் விண்டோ மேனேஜரை எத்தனை முறை மாற்றினாலும் தீராது.

உண்மையில் அதிகம் தின்பது மங்கல். ஒளி ஊடுருவும் டெர்மினலுக்குப் பின்னால் வீடியோ ஓடினால், படம் மாறும் ஒவ்வொரு முறையும் மங்கலைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். விண்டோ ஒளிபுகாததாக இருந்தால் அதன் அடியில் இருப்பதை வரையாமலே விட்டுவிடலாம். நிழல் அவ்வளவு செலவு வைக்காது, இருந்துவிட்டுப் போகட்டும்.

'மந்தம்' என்று தோன்றுவது சில வேளை வெறும் காத்திருப்பு. எக்ஸ்11-க்கான தனிக் கம்போசிட்டரான பிகாமில் (picom), விண்டோ மெல்ல மெல்லத் தோன்றும் ஃபேடிங்கை இயக்கினால், 0-இலிருந்து 1 வரை ஒளிபுகாமை கூடுவது இயல்புநிலையில் ஒரு படிக்கு 0.028, படிகளுக்கிடையே 10 மில்லிசெகண்ட். விண்டோ முழுதாகத் தெரிய சுமார் 360 மில்லிசெகண்ட். படியை 0.1 ஆக்கினால் 100 மில்லிசெகண்டில் முடியும்.

எக்ஸ்எஃப்சிஇ (XFCE) டெஸ்க்டாப்பில் கம்போசிட்டர் உள்ளேயே இருக்கிறது. பிகாம் வேண்டுமென்றால் 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' பகுதியின் கடைசித் தாவலில் முதலில் அதை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால், வேறொன்று ஏற்கனவே ஓடுகிறது என்று பிகாம் கிளம்ப மறுக்கும். எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலண்டில் கம்போசிட்டரை அணைக்கும் பேச்சுக்கே இடமில்லை, அங்கே விண்டோ மேனேஜரும் கம்போசிட்டரும் ஒன்றுதான். எக்ஸ்11 காலத்துக் குறிப்பை நம்பி கேடிஇ (KDE) டெஸ்க்டாப்பில் கம்போசிட்டரை அணைக்க ஆல்ட்+ஷிஃப்ட்+எஃப்12 அழுத்திப் பயனில்லை. அனிமேஷன் வேகத்தை மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.

எளிமை வேண்டுமென்று ஓப்பன்பாக்ஸ் என்ற வெறும் விண்டோ மேனேஜருக்கு மாறுகிறவர்கள், பழைய டெஸ்க்டாப் சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகளை மறந்துவிடுகிறார்கள். அறிவிப்புக்கு டன்ஸ்ட், நிர்வாகக் கடவுச்சொல் கேட்க ஒரு போல்கிட் ஏஜென்ட், வைஃபைக்கு என்எம்-ஆப்லெட் ஆகியவற்றை ஆட்டோஸ்டார்ட் கோப்பில் நீங்களே சேர்க்க வேண்டும். திரையைப் பூட்டும் ஐ3லாக்கையும், அதைத் தக்க நேரத்தில் இயக்கும் எக்ஸ்எஸ்எஸ்-லாக்கையும் விட்டுவிட்டால், மூடி வைத்த மடிக்கணினியை யார் திறந்தாலும் கடவுச்சொல் கேட்காமலே திரை விரியும்.